அம்மா அளந்த படி: இப்போது கடையில் கிடைப்பதில் எதை வாங்கலாம்?

பாத்திரக் கடையில் படி கேட்டு வருகிறவர்கள் இன்று பெரும்பாலும் இரண்டு வகை. சீர்வரிசையில் நிறைநாழி வைக்க வாங்குகிறவர்களுக்குப் பளபளப்பும் பெட்டியும் போதும். மற்றவர்கள் நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள். அம்மாவோ அப்பாவோ போன பிறகு வீட்டை ஒழிக்கும்போது பழைய படி யார் வீட்டுக்கோ போயிருக்கும், இல்லையென்றால் எடைக்குப் போயிருக்கும். அதே மாதிரி ஒன்று வேண்டும், புழங்குவதற்கு வேண்டும் என்று வந்து நிற்பார்கள். இது அவர்களுக்கான மதிப்பீடு.

அந்த வீடுகளில் படிக்கு ஒரு சட்டம் இருந்தது. உலைக்குப் போகும் அரிசியைத் தலை தட்டி, அதாவது விளிம்புக்கு மேல் நிற்பதை வழித்துவிட்டு, அளக்க வேண்டும். வாசலில் வந்து நிற்பவருக்கும் களத்தில் வேலை பார்த்தவருக்கும் கோயிலுக்கும் அளக்கும்போது தட்டக் கூடாது. கூம்பாக எழும்பி, இனி நிற்காது என்று தானாகச் சரியும்வரை போட வேண்டும். பிள்ளைகளின் கண்ணில் முதல் பாதிதான் படும். 'இன்னும் ஒரு கை போட்டால் குறைந்தா போய்விடும்' என்ற கோபம் பல வருஷம் மனசில் கிடக்கும். இரண்டாம் பாதிக்கான அரிசி எங்கிருந்து வந்தது என்ற கேள்வி, சொந்தமாக ஒரு சமையலறையை நடத்தத் தொடங்கிய பிறகுதான் வருகிறது. அதற்கான பதில் ஒரு சின்னக் கணக்கு. படி வாங்கும் முன் அந்தக் கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் எந்த வடிவம் வாங்குவது என்பதே அதில்தான் இருக்கிறது.

முதலில் வாய்ப்பாடு. 2 ஆழாக்கு 1 உழக்கு. 2 உழக்கு 1 உரி. 2 உரி 1 படி, இதையே நாழி என்பார்கள். 8 படி 1 மரக்கால். 12 மரக்கால் 1 கலம். ஆக ஒரு படிக்கு 8 ஆழாக்கு. படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் மாறும். பட்டணம் படி, சின்னப் படி, பெரிய படி என்று பெயர்களும் உண்டு. இப்போது எவர்சில்வரில் வருபவற்றில் பல, 1 லிட்டரைப் படி என்று வைத்துச் செய்தவை. அந்தக் கணக்கில் ஆழாக்கு 125 மில்லி. பச்சரிசியோ புழுங்கலோ, 1 லிட்டர் அரிசி சுமார் 800 முதல் 850 கிராம் நிற்கும் என்பதால் தலை தட்டிய ஓர் ஆழாக்கு ஏறத்தாழ 105 கிராம். ஒரு பெரியவருக்கு ஒரு வேளைச் சோற்றுக்கு இது சரியான அளவு. 'ஆளுக்கு ஓர் ஆழாக்கு' என்ற பேச்சு சும்மா வந்ததில்லை.

இனி குவியல். கொட்டிய அரிசி சுமார் 32 பாகைச் சரிவில் கூம்பாக நிற்கும். அந்தக் கூம்புக்குள் எவ்வளவு அடங்கும் என்பதைப் பாத்திரத்தின் வாய் அகலம் தீர்மானிக்கும். உயரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 6 செ.மீ. வாயுள்ள ஆழாக்கில் குவியல் மட்டும் 17, 18 மில்லி, அதாவது ஏறக்குறைய 15 கிராம் அரிசி. நான்கு பேர் வீட்டில் இரண்டு வேளைக்கு 8 ஆழாக்கு. தலை தட்டாமல் போட்டால் ஒரு நாளில் கூடுவது 120 கிராம், மாதத்தில் மூன்றரைக் கிலோ. அந்த மூன்றரைக் கிலோவும் யாரும் பசித்துக் கேட்காத அரிசி: பாதி பழையதாகும், மீதி தட்டில் மிஞ்சும். அதைத் தட்டி எடுத்து வைத்தவர்கள்தான் மாதக் கடைசியில் வாசலுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாமல் இருந்தார்கள். கண்டிப்பு ஒரு பக்கம், தாராளம் ஒரு பக்கம் என்று இரண்டு குணம் அங்கே இல்லை. முதலாவது இல்லாமல் இரண்டாவதற்குச் சரக்கு கிடையாது.

இதிலிருந்து வாங்குவதற்கான முதல் விதி: வீட்டுக்கு அளக்க வாய் குறுகியது, கொடுக்க அளக்க வாய் அகன்றது. ஒரே 1 லிட்டர்தான் என்றாலும் வாய் 9 செ.மீ. இருந்தால் குவியல் 60 மில்லி, 10 செ.மீ. என்றால் 80, 12 செ.மீ. என்றால் 140. நடுவில் வயிறு பெருத்து வாய் ஒடுங்கிய பழைய அமைப்புப் படி பார்க்க அழகு. ஆனால் குவித்துக் கொடுக்க அது கருமி. குட்டையாக, நேர்ச் சுவராக, அகலமாக இருக்கும் படிதான் கொடுக்கிற படி. கடைக்காரர்கள் இதை எடுத்துச் சொல்வதில்லை. சுவரும் உயரமும் பார்த்து வாங்குகிறோம், வாயை அளந்து வாங்குவதில்லை.

எவர்சில்வர் செட்டைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் குறைகள் அங்கேதான் அதிகம். படி, உரி, உழக்கு, ஆழாக்கு என்று ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கித் தருகிறார்கள். அடுக்கு சரியாக உட்கார வேண்டும் என்பதற்காக அளவை விட்டுக்கொடுத்த செட்டுகள் உண்டு. உழக்கு படியில் கால் பங்கு இருக்க வேண்டும், சிலவற்றில் இருக்காது. இதைக் கண்டுபிடிக்கக் கடையிலேயே தண்ணீர் கேளுங்கள். உழக்கை விளிம்புவரை நிரப்பிப் படியில் 4 தடவை ஊற்றினால் படியின் விளிம்பைத் தொட வேண்டும். அடுத்து ஆழாக்கை 8 தடவை. ஆழாக்கில் வெறும் 5 மில்லி குறைந்தாலும் எட்டாவது ஊற்றில் 40 மில்லி பள்ளம் தெரியும், அதனால் சின்ன அளவின் பிழையைப் பிடிக்க இதுவே நல்ல வழி. வீட்டில் சமையலறைத் தராசு இருந்தால் இன்னும் சுலபம்: 1 லிட்டர் என்று சொல்லி விற்ற படியில் நிரம்பும் தண்ணீர் 1 கிலோ நிற்க வேண்டும். அடியில் அச்சிட்ட எண்ணையோ ஒட்டிய தாளையோ நம்பி வாங்க வேண்டாம்.

இரண்டாவது குறை மேடான அடி. வெளிப்பக்கம் குழித்து, உள்பக்கம் அரை செ.மீ. தூக்கி அழுத்தியிருப்பார்கள். தரையில் ஆடாமல் நிற்கும், உறுதியும் கூடும் என்பது காரணம், உண்மைதான். ஆனால் 10 செ.மீ. விட்டத்தில் அரை செ.மீ. மேடு 39 மில்லியைத் தின்றுவிடும். தயாரிப்பாளர் அதைக் கணக்கில் சேர்த்து உயரத்தைக் கூட்டியிருந்தால் பிரச்சினை இல்லை. கூட்டியிருக்கிறாரா என்பதைத் தண்ணீர் சொல்லும்.

மூன்றாவது விளிம்பு. மெல்லிய தகட்டில் செய்து, விளிம்பை வெளிப்பக்கம் சுருட்டியிருப்பார்கள். சுருட்டல் எங்கும் ஒரே உயரத்தில் இல்லாவிட்டால் தலை தட்டும்போது ஒரு பக்கம் அரிசி மேடாக நிற்கும், இன்னொரு பக்கம் வழியும். படியைக் கவிழ்த்து ஒரு கண்ணாடிப் பலகை மேல் வையுங்கள். ஆடினால் விளிம்பு கோணல். தகடு தடித்து, விளிம்பு சுருட்டப்படாமல் தட்டையாக அராவியிருப்பது நல்லது. கொஞ்சம் விலை கூடும், சில நூறு ரூபாய் விஷயம்தான்.

பித்தளை எடைக்கு விற்கிற சாமான். கும்பகோணம் பாத்திரக் கடைகளில் வார்ப்புப் படியும் தகட்டுப் படியும் கிடைக்கின்றன. வார்ப்பு கனமாக இருக்கும், விளிம்பு கடைசலில் சீவியிருக்கும், கீழே விழுந்தாலும் அளவு மாறாது. தகட்டுப் படி ஒரு தடவை விழுந்தால் நசுங்கும். அந்த நசுங்கல் பத்து மில்லியாவது சாப்பிடும். உலர்ந்த அரிசி அளக்க ஈயம் பூச வேண்டியதில்லை, ஈயம் சமைக்கிற பாத்திரத்துக்கு. புளி போட்டுத் தேய்த்தால் துணியால் துடைத்து, வெயிலில் கவிழ்த்து, மூலையில் ஈரம் இல்லை என்று பார்த்த பிறகே அரிசிக்குள் போட வேண்டும். ஈரம் தங்கினால் அடி விளிம்பில் களிம்பு பச்சையாகப் பூக்கும். மோரையோ புளித்த மாவையோ இதில் அளக்காதீர்கள். குவித்துக் கொடுக்கும் படிக்கு வார்ப்புப் பித்தளைதான் எங்கள் தேர்வு. நேர்ச் சுவர், வாய் 11, 12 செ.மீ. இருப்பதாகத் தேடி எடுங்கள்.

மரப் படியும் மூங்கில் நாழியும் கைவினைக் கடைகளில் வருகின்றன. மழைக்காலத்தில் உப்பும், கோடையில் சுருங்கும், பிளவு விட்டால் வண்டு குடியேறும். அலமாரிக்கு நல்லது.

பழைய பாத்திரக் கடையில் இரும்புப் படி, பித்தளைப் பூண் போட்ட படி கிடைத்தால் விளிம்புக்கு அருகே முத்திரை இருக்கிறதா பாருங்கள். படிகளுக்கும் அரசு முத்திரை குத்திய காலத்தவை அவை. முத்திரை உள்ளது பெரும்பாலும் அளவு சுத்தமாக இருக்கும். 1956 சட்டத்தோடு மெட்ரிக் முறை வந்து, படிப்படியாகக் கடைகளில் கிலோவும் லிட்டரும் கட்டாயமாயின. 2009 எடையளவுச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. அதனால் இன்று படியால் அளந்து அரிசி விற்க முடியாது. வீட்டில் அளக்க, கொடுக்க எந்தத் தடையும் இல்லை. ஆயுத பூஜை நாளில் பொரி விற்பவர் மட்டும் இன்னும் படியை விடவில்லை.

படியைப் பற்றிப் பேசும்போது பெருமையை மட்டும் பேசினால் பொய்யாகும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் 'ஆடவல்லான்' என்று நடராசர் பெயர் சூட்டிய மரக்காலைச் சொல்கின்றன. அது ராஜகேசரி என்ற அரசு மரக்காலுக்கு ஒத்தது என்றும் பதிவு செய்திருக்கின்றன. கோயிலுக்கு அளப்பதும் அரசு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கவனம் அது. அதே காவிரிப் பக்கத்தில், பின்னாளில், வாங்க ஒரு மரக்கால் கொடுக்க ஒரு மரக்கால் என்று வைத்திருந்த பண்ணைகளும் உண்டு. 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதற்கு முன்பு நடந்த போராட்டம், கூலியாக அளக்கும் நெல்லைக் கூட்டிக் கேட்டதுதான். கறாராக அளப்பது ஒரு குணமே இல்லை. யாருக்கு அளக்கும்போது கறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தனக்குத் தட்டி, பிறருக்குக் குவித்த வீடுகளை இந்தப் பின்னணியில் பார்த்தால் அந்தச் சட்டத்தின் எடை தெரியும்.

அளக்கும் முறைக்கு வருவோம். எவ்வளவு நல்ல படி வாங்கினாலும் கை மாறினால் அளவு மாறும். மூட்டைக்குள் படியைக் குத்தி அள்ளினால் அரிசி இறுகி ஏறும். மேலிருந்து மெல்லக் கொட்டினால் தளர்வாக நிற்கும். நிரப்பிய படியைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினால் சற்று இறங்கும். வீட்டுக்கு அளக்க எந்த முறையானாலும் சரி, தினமும் அதே முறை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு நாள் சோறு மிஞ்சும், ஒரு நாள் பற்றாது. பழி படி மேல் விழும். தலை தட்ட உள்ளங்கையைப் பரப்பி வழிக்காதீர்கள், நடுவில் குழி விழும். கையின் சுண்டுவிரல் பக்க விளிம்பால், அல்லது ஒரு நேரான மரப்பட்டையால் ஒரே இழுப்பில் வழிக்க வேண்டும். படியைப் பிடிக்கும்போது கட்டை விரல் உள்ளே போகக் கூடாது. அந்தக் காலத்து வியாபாரிகளிடம் இருந்த தந்திரம் அது. விரல் இருக்கும் இடத்தில் அரிசி இருக்காது.

கொடுக்க அளக்கும்போது நேர் எதிர். குத்தி அள்ளி, ஒரு தட்டுத் தட்டி, மேலே கையால் போட்டுக் குவிக்க வேண்டும். வாங்குகிறவரின் பை படிக்கு நேர் கீழே விரிந்திருக்கட்டும். குவித்ததில் பாதி தரையில் போனால் குவித்ததற்குப் பொருள் இல்லை. முதல் படியை 'ஒன்று' என்று எண்ணாமல் 'லாபம்' என்று எண்ணும் வழக்கம் இன்னும் களங்களில் உண்டு. கொடுக்கிறவர் வாயிலும் அதே 'லாபம்'தான் வரும்.

படியோடு சேர்த்து வாங்க வேண்டிய இன்னொன்று பிடி அரிசிப் பாத்திரம். தினம் உலை வைக்கும் முன் ஒரு பிடி எடுத்துத் தனியே போடுவது. காஞ்சிப் பெரியவர் இதை ஒரு திட்டமாகவே பரப்பினார். அதற்கு முன்பும் பின்பும் எத்தனையோ வீடுகளில் பெயரில்லாமல் நடந்தது. வளர்ந்த ஒருவரின் கையில் ஒரு பிடி 35 முதல் 50 கிராம். வேளைக்கு ஒன்றாக இரண்டு பிடி என்றால் மாதம் இரண்டிலிருந்து மூன்று கிலோ. மேலே சொன்ன மூன்றரைக் கிலோ மிச்சத்துக்குள் இது அடங்கிவிடுகிறது. அதாவது தலை தட்டுகிற வீட்டுக்குப் பிடி அரிசி கூடுதல் செலவே கிடையாது.

பாத்திரம் 5 கிலோ கொள்ளும் எவர்சில்வர் சம்படம் போதும். கை தாராளமாகப் போகும் வாய், இறுக்கமான மூடி. மண்பானை அழகுதான், ஆனால் நம் மழைக்காலத்தில் ஈரத்தை இழுக்கும். சம்படம் வீட்டு அரிசி டின்னுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். பூஜை அறையில் வைத்தால் முதல் வாரம் மட்டும் நடக்கும்.

இதில் தவறிப் போகிற இடங்கள் சில. வீட்டுக்கு அளந்த பிறகு பிடி எடுப்பவர்கள் ஒரு மாதத்தில் நிறுத்திவிடுவார்கள், ஏனென்றால் அளந்ததும் கை தண்ணீருக்குப் போய்விடும். முதலில் பிடி, பிறகு படி. ஈரக் கையால் எடுத்தால் கட்டி தட்டிப் பூஞ்சை பிடிக்கும். மாதக் கடைசியில் வீட்டு டின் காலியானால் இதிலிருந்து 'கடன்' எடுக்கும் பழக்கம் வந்தால் திட்டம் முடிந்தது. பழைய அம்மாக்கள் இந்த ஒரு விஷயத்தில் யாருக்கும் இரக்கம் காட்டியதில்லை. கொடுக்க மட்டும் ரேஷன் அரிசி, சாப்பிட வேறு அரிசி என்று பிரிப்பதும் அந்த வீடுகளில் ஆகாது. வீட்டில் எது வேகிறதோ அதுதான் வெளியேயும்.

வண்டு பெரிய தொல்லை. நம் வெயிலில் முட்டை வளர்ந்து வண்டாக ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும், முட்டை அரிசி மணிக்குள்ளேயே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதனால் 30 நாளுக்கு மேல் சேர்க்காமல் கொடுத்துவிடுவதே முதல் மருந்து. காய்ந்த மிளகாய், வேப்பிலை, பிரிஞ்சி இலை எல்லாம் துரத்தும், கொல்லாது; வேப்பிலை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். இரண்டு மூன்று கிலோ என்பதால் பையில் இறுகக் கட்டி உறைபெட்டியில் நான்கு நாள் வைத்து எடுக்கலாம், முட்டையும் செத்துவிடும். உச்சி வெயிலில் உலர்த்தாதீர்கள். மணி வெடித்து நொய்யாகும். அதை வாங்கிச் சமைப்பவருக்குச் சோறு குழையும்.

கலப்பும் கூடாது. இந்த மாதம் பச்சரிசி, அடுத்த வாரம் புழுங்கல், நடுவில் புது அரிசி என்று ஒரே சம்படத்தில் சேர்ந்தால் ஒரே உலையில் வேகாது. ஒன்று குழையும்போது இன்னொன்று விதையாக நிற்கும். கொடுக்கப் போகும் இடத்தில் எந்த அரிசி புழங்குகிறார்கள் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். முதியோர் இல்லங்கள் பலவும் சில்லறையாக வரும் அரிசியைத் தயக்கத்தோடுதான் வாங்கும், கட்டு பிரிக்காத பை கேட்கும். அது ஆணவம் இல்லை. நூறு பேருக்கு ஒரே அண்டாவில் வடிக்கிறவர்களின் சிரமம். அப்படியானால் சம்படத்து அரிசியை வீட்டில் பயன்படுத்திவிட்டு, அதே எடைக்குப் புதுப் பை வாங்கிக் கொடுக்கலாம். எடை குறையாமல், ஒரு கிலோ மேலே ஏற்றி.

வடலூர் சத்திய தருமச்சாலை 1867 மே 23 முதல் அடுப்பு அணையாமல் சோறு போடுகிறது; அரிசியாகவே கொண்டுபோய்க் கொடுக்கிறவர்கள் ஏராளம். தமிழக அரசின் கோயில் அன்னதானத் திட்டம் 2002இல் தொடங்கியது. அங்கே பணமாகக் கட்டி, அப்பா அம்மா நினைவு நாளைச் சொல்லிப் பதிவு செய்வது எளிது, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். முஸ்லிம் வீடுகளில் நோன்புப் பெருநாளுக்குக் கொடுக்கும் ஃபித்ரா அரிசிக்கும் அளவு உண்டு: குடும்பத்தில் பச்சைப் பிள்ளை உட்பட ஆளுக்கு ஒரு ஸாவு, சுமார் இரண்டரை முதல் மூன்று கிலோ, பெருநாள் தொழுகைக்கு முன்பே ஏழையின் கைக்குப் போயிருக்க வேண்டும். ஸாவு என்பதும் கொள்ளளவுதான். இரண்டு கை சேர்த்து அள்ளும் நான்கு அள்ளல். எடையில் கொடுப்பவர்கள் மூன்று கிலோவாகவே வைத்துக்கொண்டால் குறைந்துவிட்டதோ என்ற சந்தேகம் வராது.

பெயர் வெட்டுவதைப் பற்றி ஒன்று. பதினாறாம் நாள் காரியத்துக்கு 'நினைவாக' என்று பெயர் போட்டு டம்ளரும் தூக்கும் கொடுக்கிற வழக்கம் இருக்கிறது. பலருடைய அலமாரியில் இப்படிச் சேர்ந்த டம்ளர்கள் புழங்காமல் அடுக்கியிருக்கும். அதற்குப் பதில் தலைக்கு ஓர் ஆழாக்கு கொடுக்கலாம். அரிசி டின்னுக்குள் போய்விட்டால் தினமும் கையில் வரும். மொத்தமாக வாங்கும்போது ஒன்றிரண்டை எடுத்து 8 ஊற்றுச் சோதனை செய்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். பெயரை அடிக்கு அருகே, வெளிச் சுவரில் கீறச் சொல்லுங்கள். மெல்லிய தகட்டில் புள்ளி குத்தி வெட்டினால் உள்பக்கம் புடைக்கும், அரிசித் தவிடு அங்கே படியும். விளிம்பில் வெட்டவே கூடாது, தலை தட்டும்போது கை கிழியும்.

வீட்டுக்கு எங்கள் பரிந்துரை: தடித்த எவர்சில்வரில் ஓர் ஆழாக்கும் ஓர் உழக்கும், கொடுப்பதற்கு வாய் அகன்ற வார்ப்புப் பித்தளைப் படி ஒன்று, ஒரு சம்படம். முழு செட்டு தேவையில்லை. உரியை யாரும் எடுப்பதில்லை. பழைய படியே வீட்டில் எங்காவது கிடந்தால் இதில் எதுவும் வாங்க வேண்டாம். நசுங்கியிருந்தால் பாத்திரக் கடையில் கொடுத்து ஒடுக்கு எடுத்து, தண்ணீர் ஊற்றி எடை பார்த்து, அது எத்தனை மில்லி என்று ஒரு சீட்டில் எழுதி டின் மூடியில் ஒட்டிக்கொள்ளுங்கள். அடுத்து அளக்கப் போகிறவருக்குப் பயன்படும்.